கத்தும் பெல்ட்டும் உச்சிமாகாளியும்

மெக்கானிக் உச்சிமாகாளிக்குக் கோபம் மூக்குநுனியில் இருக்கிறது என்று திருவனந்தபுரம் கரமனையில் சொல்வார்கள். மூக்குநுனியில் இருந்தால் ஒரு தும்மலில் போய்விடுமே. அவருக்கு அது நெஞ்சுக்குள் என்ஜின் மாதிரி ஓடிக்கொண்டே இருந்தது. காலையில் ஷட்டர் தூக்க வராவிட்டால் ஷட்டரைத் திட்டுவார். நட்டு இளகாவிட்டால் நட்டின் அப்பனைத் திட்டுவார். திட்டினால் இளகும் என்று உண்மையாகவே நம்பினார். பல தடவை இளகியும் இருக்கிறது.

வள்ளியூர்ப் பக்கம் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் திருவனந்தபுரத்துக்கு பஸ் ஏறியவர். முதலில் ஹோட்டலில் மேஜை துடைத்தார். முதலாளி கை நீட்டிய அன்றைக்கு எச்சில் வாளியை அந்த ஆளின் காலில் கவிழ்த்துவிட்டு இறங்கி நடந்தார். அப்புறம் ஒர்க்‌ஷாப். அங்கேயும் அடி உண்டு. ஆனால் கையில் ஸ்பேனர் இருந்ததால் கொஞ்சம் யோசித்து அடித்தார்கள். இப்போது ஆற்றுப் பாலத்துக்கு இந்தப் பக்கம் சொந்தமாக ஒரு தகர ஷெட். மலையாளத்துக்காரர்களுக்கு அவர் ‘அண்ணாச்சி’. அக்ரகாரத் தெருக்காரர்களுக்கு ‘மாகாளி’. அந்தத் தெருவில் பழைய வண்டி வைத்திருக்கிறவர்கள் எல்லோரும் அவரிடம்தான் வருவார்கள். வாய் மோசம், கை சுத்தம் என்று அவர்களுக்குள் ஒரு பேச்சு. அந்த ‘கை சுத்தம்’தான் அவருடைய பிழைப்பு.

வண்டிக்காரர் பேச்சைக் கேட்கிற வழக்கம் மட்டும் அவருக்குக் கிடையாது. யாராவது, “நேத்து மழையில போகும்போது...” என்று ஆரம்பித்தால் போதும், “சித்த வாயை மூடும். வண்டி சொல்லும்” என்பார். வண்டி சொல்லியும்விடும். அதனால் அந்த வழக்கத்தை மாற்றிக்கொள்ள அவருக்கு ஒரு அவசியமும் வரவில்லை, நாகேஸ்வரன் சாமியின் அம்பாசிடர் வரும்வரை.

நாகேஸ்வரன் சர்க்கார் ஆபீசில் இருந்து ரிட்டயர் ஆனவர். மனைவி சுப்புலக்ஷ்மி. பிள்ளைகள் வெளியூரில். வீட்டு வாசலில் அந்த வெள்ளை அம்பாசிடர் நிற்கும். போன மழைக்காலத்தில் அது காலையில் ஸ்டார்ட் செய்ததும் கத்த ஆரம்பித்தது. பன்றியைக் கட்டி இழுக்கிற மாதிரி ஒரு சத்தம். ஓடிக்கொண்டிருந்தால் அடங்கும், ஹெட்லைட்டைப் போட்டால் மறுபடி கத்தும்.

மாகாளி பானெட்டைத் திறந்து ஒரு நிமிஷம் காது கொடுத்தார். பெல்ட்டு. என்ஜின் சுற்றுகிற சுற்றை வாங்கி ஆல்டர்னேட்டரைச் சுற்றவைக்கிறதே, அந்தக் கறுப்பு ரப்பர் பெல்ட்டு. ஆல்டர்னேட்டரை எல்லோரும் டைனமோ என்பார்கள், அவரும் அப்படித்தான். டைனமோ சுற்றினால்தான் பேட்டரிக்கு சார்ஜ். பெல்ட்டு வழுக்கினால் கத்தும், டைனமோ சோம்பிவிடும், டேஷ்போர்டில் சிவப்பு லைட்டு எரியும், கடைசியில் வண்டி நடுரோட்டில் படுத்துவிடும். அவருக்கு இது பல் தேய்க்கிற வேலை. பழைய பெல்ட்டைக் கழற்றி உள்பக்கம் பார்த்தார். வழுவழுவென்று மின்னியது. புதிதாக ஒன்று போட்டார்.

மாட்டிக்கொண்டிருக்கும்போது சுப்புலக்ஷ்மி மாமி படியிறங்கி வந்தார். “மாகாளி, ஒரு கார்யம் சொல்லட்டுமா? இது ரொம்ப அழறதேன்னுட்டு நான்...”

“மாமி, வண்டி காரியம் எனக்கு. காப்பி காரியம் உங்களுக்கு. ஒரு கிளாஸ் கொண்டாங்க.”

மாமி முகம் ஒரு மாதிரி ஆயிற்று. காப்பி வந்தது. பேச்சு வரவில்லை.

கொஞ்ச நாளில் வண்டி மறுபடி கத்தியது. பெல்ட்டில் கறுப்பாக எண்ணெய்ப் பிசுக்கு. கிழட்டு என்ஜின், முன்பக்க ஆயில் சீல் ஒழுகுகிறது என்று சீலை மாற்றினார், அதோடு இன்னொரு பெல்ட்டும் போட்டார். போடும்போது அம்பாசிடரைப் பார்த்து, “இனி சத்தம் வந்துது, உன்னை ஆத்துல தள்ளிருவேன்” என்றார்.

அதற்கும் அது அடங்கவில்லை. ஒரு கல்யாணத்துக்கு மாமாவும் மாமியும் நல்ல மழையில் லைட்டும் வைப்பரும் போட்டுக்கொண்டு போனவர்கள், நெய்யாற்றின்கரை தாண்டவில்லை. பேட்டரி செத்து, பட்டுப்புடவையோடு மாமி மழையில் இறங்கி நிற்க, மீன் வண்டிக்காரர்கள் தள்ளிக் கொடுத்தார்கள்.

மறுநாள் மாகாளி தெருவுக்குள் நுழையும்போதே நாகேஸ்வரன் வாசலில் நின்றிருந்தார். எதிர்வீட்டுப் பத்மஜா ஸ்கூட்டரைத் துடைக்கிற சாக்கில் நின்றாள். இன்னும் இரண்டு வீட்டு வாசலிலும் ஆள்.

“மாகாளி, இது ரெண்டாவது பெல்ட்டாக்கும். நல்ல சாதனம்னா இப்படி ஆகுமோ?”

“பெல்ட்டுல கோளாறு இல்ல சாமி.”

“பின்னே ஆருக்குக் கோளாறு? நேக்கா? உமக்கு எவனோ டூப்ளிகேட் தந்திருக்கான். இல்லேன்னா நீரே...”

“நீரேன்னா?”

“நான் ஒண்ணும் சொல்லல்லே.”

“பாதி சொல்லிட்டீரு சாமி. மீதியையும் சொல்லும்.”

நாகேஸ்வரனுக்கும் மழையில் நனைந்த கோபம். “சரி, சொல்றேன். டூப்ளிகேட்டை ஒரிஜினல்னு போட்டு ஏமாத்தறீர். போருமா?”

பத்மஜாவின் துணி ஸ்கூட்டரில் அப்படியே நின்றது.

மாகாளிக்குக் காது இரண்டும் அடைத்துக்கொண்டது. இந்தத் தெரு அவரைக் குடிகாரன் என்றிருந்தால் சிரித்திருப்பார். முரடன் என்றால் ஆமாம் என்றிருப்பார். டூப்ளிகேட் என்ற ஒரு சொல் இந்த முனையில் இருந்து அந்த முனைக்குப் போனால் நாளைக்கு ஒரு வண்டியும் ஷெட்டுக்கு வராது. அது அவருக்குத் தெரியும். அவர் திரும்பி, பாலத்தடி ஸ்டாப்பில் பஸ்ஸைப் பிடித்து, ஊர் நடுவில் ‘சாலை’ என்கிற கடைத்தெருவுக்குப் போனார்.

அங்கே வெங்கிடேஷின் ஸ்பேர் பார்ட்ஸ் கடை. மாகாளி கிரீஸ் துடைக்கிற காலத்தில் இருந்தே பழக்கம். மாகாளி மகள் கல்யாணத்துக்குப் பந்தல் கட்டினதே வெங்கிடேஷ்தான். நாகர்கோவில்காரர். எந்த வண்டிக்கு எந்த அளவு பெல்ட்டு என்று மாகாளி சொல்லவே வேண்டாம், வாசலில் தலை தெரிந்ததும் எடுத்து வைத்துவிடுவார்.

கடையில் நல்ல கூட்டம். ஆட்டோக்காரர்கள், ஒர்க்‌ஷாப்காரர்கள்.

“வாரும் வேய். என்ன, அனல் அடிக்குது?” என்றார் வெங்கிடேஷ்.

“அனலா? ஏலே, டூப்ளிகேட் சரக்கை என் தலையில கட்டிட்டு அனலாங்கே? என் பேரு சந்தி சிரிக்கிது!”

“என்னது?”

“பெல்ட்டு! எத்தனை பெல்ட்டு போட்டாலும் வழுக்குது. ஒரிஜினல் வழுக்குமா?”

வெங்கிடேஷ் டப்பாவை எடுத்துக் கல்லாவின் மேல் வைத்தார். “பாரு. கம்பெனி முத்திரை. பாத்துட்டுப் பேசு.”

“முத்திரை எவன் வேணும்னாலும் அடிப்பான். மனுஷன் முத்திரைதான் முக்கியம். உன் முத்திரை அழிஞ்சு போச்சுலே!”

கிளட்ச் வயர் வாங்கிக் கையில் வைத்திருந்த ஒரு ஆட்டோக்காரன் மெதுவாக அதைக் கல்லாவின் மேல் திரும்ப வைத்தான். “இது வேண்டா சேட்டா, பின்னே வராம்” என்று, அப்புறம் வருகிறவன் மாதிரிச் சொல்லிவிட்டு இறங்கிப் போனான். அவன் பின்னால் இன்னொருவன்.

வெங்கிடேஷ் அவர்கள் போவதைப் பார்த்தார். அப்புறம் வேறு கட்டைப் பிரித்து ஒரு பெல்ட்டை எடுத்து மாகாளி நெஞ்சில் எறிந்தார். “இதைப் போடு. போட்டுட்டு, இந்தப் படி ஏறாத.”

“ஏற மாட்டேன்லே!”

அந்த பெல்ட்டை நாகேஸ்வரன் கண்முன்னாலேயே உறை பிரித்துப் போட்டார் மாகாளி. இழுவை சரி. பெல்ட்டு ஓடுகிற புல்லிச் சக்கரங்கள் ஒரே நேர்கோட்டில். டைனமோவைக் கையால் சுற்றிப் பார்த்தார், பேரிங் வெண்ணெய் மாதிரி. பேட்டரிக்கு சார்ஜ் போட்டு மாட்டினார். “இதுவும் வழுக்கினா என் மீசையை எடுத்துக்கிடும்” என்றார்.

அடுத்த வெள்ளிக்கிழமை காலை போன் வந்தது.

“மாகாளி, கோவிலுக்குப் போகலாம்னு ஸ்டார்ட் பண்ணினேன். இன்னிக்குக் கத்தல்லே, கேட்டேரா.”

“பின்னே என்ன?”

“சிவப்பு லைட்டு எரியறது.”

மாகாளி மீசையைத் தடவிக்கொண்டே வந்தார். வரும் வழியெல்லாம் அம்பாசிடரை, அதைச் செய்தவனை, வாங்கினவனை, விற்காமல் வைத்திருக்கிறவனை எல்லோரையும் வரிசையாகத் திட்டினார். வண்டி வாசலிலேயே நின்றது, நகரவில்லை. பானெட்டைத் திறந்து ஓடவிட்டார். பெல்ட்டு சுற்றுகிறது, சத்தமே இல்லை. ஆனால் சிவப்பு லைட்டு முழித்துப் பார்க்கிறது. என்ஜினை நிறுத்தி டைனமோ புல்லியில் விரல் வைத்தார். சுட்டது. வழுக்குகிறது, வாயைத் திறக்காமல் வழுக்குகிறது. கத்துகிற பெல்ட்டை அவருக்குத் தெரியும். ஊமையாக வழுக்குகிற பெல்ட்டு ஏன்?

பெருவிரலால் அழுத்திப் பார்த்தார். இழுவை அப்படியே இருந்தது. எவ்வளவு வழுக்குகிறது என்று பார்க்க, பெல்ட்டுக்கும் புல்லிக்கும் குறுக்கே சாக்கட்டியால் ஒரு கோடு போடலாம் என்று இழுத்தார். சாக்கட்டி எழுதவில்லை. சறுக்கிக்கொண்டு போனது. ஒரு கை தண்ணீரை எடுத்துத் தெளித்தார். தண்ணீர் சேப்பங்கிழங்கு இலையில் விழுந்த மாதிரி முத்து முத்தாக உருண்டு ஓடியது.

விரலால் தொட்டுப் பார்த்தார். எண்ணெய். ஆனால் கறுப்பு இல்லை, தெளிவாக இருந்தது. வண்டி ஓடாததால் இன்னும் தூசி சேரவில்லை. முகர்ந்தார். முகர்ந்து என்ன தெரியும்? அவர் தலையில் தேங்காயெண்ணெய், தெருவில் தேங்காயெண்ணெய், இந்த ஊரே தேங்காயெண்ணெயில் முங்கிக் கிடக்கிறது. நாக்கில் வைத்தார். என்ஜின் ஆயிலின் ருசி அவருக்குத் தெரியும். இது அவியலின் ருசி.

“எவம்லே அது?” என்று அவர் போட்ட சத்தத்தில் பத்மஜா வீட்டுக் கதவு திறந்தது. “பெல்ட்டுக்குத் தேங்கா எண்ணெய் விட்டது எவன்?”

சுப்புலக்ஷ்மி மாமி தலை துவட்டிய ஈரத்துண்டோடு படியில் வந்து நின்றார்.

“நான்தான்.”

“நீங்களா?”

“ஆமா, நான்தான். வெள்ளிக்கிழமை தோறும் குளிச்சுட்டு வந்து விடறேன். கிணத்துக் கப்பி கிரீச்சுனு கத்தினா ரெண்டு சொட்டு எண்ணெய் விடுவோமில்லியா? இதுவும் கப்பிதானே, கயறுதானே? கோவிலுக்குக் கிளம்பறச்சே அழற சத்தம் கேட்டா நன்னாவா இருக்கு?”

“மாமி! கிணத்துல கப்பியோட நடுவுல இருக்கிற கம்பிக்கு எண்ணெய் விடணும். கயித்துக்கு விட்டா வாளி கிணத்துக்குள்ள போயிரும்! இது கயிறு! பிடிச்சு இழுக்கணும்! இதுல எண்ணெயைத் தேய்ச்சு அபிஷேகம் பண்ணினா வழுக்காம பின்னே பாட்டா பாடும்?”

“கத்தாதேயும்.”

“கத்துவேன்! என்னை டூப்ளிகேட்டுன்னாரு சாமி, இந்தத் தெருவுல வெச்சு! உங்களுக்காக நான் சாலையில போயி சொந்தக் கூடப்பொறந்தவன் மாதிரி இருக்கிற ஆளைத் திருடன்னு சொல்லிட்டு வந்தேன்! ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்ன?”

மாமி ஈரத்துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு இரண்டு படி இறங்கினார். அந்தக் குரல் அவரிடம் இருக்கிறது என்று தெருவுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

“சொல்ல விட்டேரா? முதல் நாளே வந்து வாயைத் திறந்தேன். காப்பி கொண்டாங்கன்னேர். எங்காத்து வண்டி, எங்காத்து எண்ணெய், எங்காத்து வாசல். நான் வாயைத் திறக்கப்படாது, இல்லியா? ஆரையோ திருடன்னு சொல்லுன்னு நானா ஒம்மை அனுப்பினேன்?”

நாகேஸ்வரன் நடுவில் வந்தார். “சுப்பு, உள்ளே போ. மாகாளி, விடும். தெரியாம நடந்துடுத்து. உள்ளே வாரும், பேசிக்கலாம்.”

“என்ன உள்ளே?” மாமி கணவரின் பக்கம் திரும்பினார். “டூப்ளிகேட்னு சொன்னது உள்ளே வெச்சா? வாசல்லே வெச்சு இல்லியா?” அதே மூச்சில் தெருவைப் பார்த்துக் குரல் கொடுத்தார். “பத்மஜா! கேட்டியோடி? பெல்ட்டு நல்ல பெல்ட்டாக்கும். எண்ணெய் விட்டுக் கெடுத்தது நான். மாகாளி கிட்டே ஒரு தப்பும் தெத்தும் இல்லே. எல்லார்கிட்டேயும் சொல்லிடு.”

“கேட்டேன் மாமி,” என்றாள் பத்மஜா, சிரிப்பை அடக்கிக்கொண்டு.

மாமி மாகாளியைப் பார்த்தார். “நான் சொல்லியாச்சு. இனி நீர் ஒம்ம கார்யத்தைப் பாரும்.” துண்டை உதறிக் கொடியில் போட்டுவிட்டு உள்ளே போனார்.

பேர் திரும்பி வந்துவிட்டது. ஆனால் சந்தோஷம் வரவில்லை மாகாளிக்கு. ஒரு பொம்பளை, அதுவும் அந்த வயதில், தெருவைக் கூப்பிட்டு நான்தான் என்று சொல்லிவிட்டுப் போகிறாள். அவருக்கு அதிலும் கோபம்தான் வந்தது, யார் மேல் என்றுதான் பிடிபடவில்லை. எண்ணெய் ஊறின பெல்ட்டைக் கழற்றினார். புல்லிகளைப் பெட்ரோல் விட்டுத் தேய் தேய் என்று தேய்த்தார். புதிதாக ஒரு பெல்ட்டு போட்டே ஆகவேண்டும், ஊறினது ஊறினதுதான். பெல்ட்டு வேண்டுமென்றால் கடைக்குப் போகவேண்டும். பக்கத்திலேயே வேறு கடை இருக்கிறது. அதன் வாசல்வரை போய், ஒரு வசவு வைதுவிட்டு, சாலைக்கு பஸ் ஏறினார்.

உச்சிவெயில். வெங்கிடேஷ் கடையில் ஈ மட்டும்தான் இருந்தது. வெங்கிடேஷ் நிமிர்ந்து பார்த்துவிட்டு, மறுபடி நட்டுகளை அளவு வாரியாகப் பிரிக்க ஆரம்பித்தார்.

மாகாளி படியில் ஏறவில்லை. கீழே நின்றே சொன்னார். “பெல்ட்டு சரியாத்தான் இருந்துருக்கு. அந்த மாமி எண்ணெய் விட்டுட்டா. நான் ஒரு கோவத்துல... சரி, அதை விடு.”

“விட்டாச்சு.”

“பின்னே என்னத்துக்கு மூஞ்சியைத் தூக்கி வெச்சிருக்கே?”

வெங்கிடேஷ் ஒரு நட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “நீ கத்தும்போது கடை நெறைய ஆளு இருந்துது. இப்போ ஆரு இருக்கா? இந்தத் தராசு இருக்கு. தராசு கிட்ட சொல்லிட்டுப் போ.”

“ஏலே, நான் வந்ததே பெருசு!”

“பெருசுதான். போயிட்டு வா.”

மாகாளி போனார். பஸ் ஸ்டாப் வரை ஒரே நடை. வெங்கிடேஷின் குடும்பத்தில் பிறந்தவன், பிறக்கப் போகிறவன் ஒருத்தனையும் விட்டுவைக்கவில்லை. கரமனை பஸ் வந்தது. கண்டக்டர், “கேறணுண்டோ அண்ணாச்சி?” என்றார். மாகாளி, “ஏறினா உமக்கென்ன, ஏறாட்டா உமக்கென்ன?” என்று அவரிடமும் சண்டைக்குப் போனார். பஸ் போய்விட்டது. அடுத்ததும் போயிற்று.

அன்று அந்த ஆட்டோக்காரன் கிளட்ச் வயரைத் திரும்ப வைத்தது கண்ணுக்குள் வந்து வந்து போனது. அவன் முகத்தில் ஒரு கோபமும் இல்லை. அதுதான் தாங்கவில்லை. பத்மஜாவின் கைத்துணி நின்ற மாதிரி அவன் கையும் ஒரு நொடி நின்றதே. தனக்கு வலித்த அதே இடத்தில்தானே வெங்கிடேஷையும் குத்தியிருக்கிறோம் என்று நினைத்தபோது மாகாளி வாய்விட்டே ஒரு கெட்ட வார்த்தை சொன்னார். அது வெங்கிடேஷுக்கானது இல்லை.

திரும்பி வந்து கடைக்கு எதிரே, மூடிக் கிடந்த ஒரு கடையின் படியில் உட்கார்ந்தார். வெயில் சாயச் சாய ஒவ்வொருத்தராக வந்தார்கள். வெங்கிடேஷ் இவரைப் பார்த்தார், பார்க்காத மாதிரி சரக்கு எடுத்துக் கொடுத்தார். கடை நிரம்பி, ஆட்கள் படி வரை நிற்கும்போது மாகாளி எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார். சண்டைக்குப் போகிறவர் நடையில்தான் போனார். முன்னால் நின்றவர்கள் ஒதுங்கினார்கள்.

“எல்லாவனும் கேளுங்கலே!” என்று ஒரு சத்தம். பக்கத்து அரிசிக் கடையில் இருந்துகூட எட்டிப் பார்த்தார்கள். “இவன் கடை பெல்ட்டு ஒரிஜினல்! நான் டூப்ளிகேட்டுன்னு சொன்னது பொய்! என் கண்ணு அவிஞ்சு போச்சு, விசாரிக்காம கத்திட்டேன்! அன்னைக்கு இங்க வயரு வேண்டான்னு வெச்சிட்டுப் போனானே ஒரு ஆட்டோக்காரன், அவனைக் கண்டா சொல்லுங்க. சந்தேகம் உள்ளவன் கரமனைப் பாலத்தடியில என் ஷெட்டுக்கு வந்து கேளு! போதுமாலே வெங்கிடேஷு?”

யாரோ ஒருவன், “மன்னிப்பு கேக்கற சப்தம் இதாணோ!” என்றான். கூட்டம் சிரித்தது. மாகாளி அவனை முறைத்தார்.

வெங்கிடேஷ் சிரிக்கவில்லை. “முடிஞ்சுதா? வழியை விடு, பின்னால ஆளு நிக்குது.”

“பெல்ட்டு வேணும்.”

“எந்த வண்டிக்கு?”

இத்தனை வருஷத்தில் அவர் கேட்டதே இல்லாத கேள்வி. மாகாளி, “அம்பாசிடர்,” என்றார் அன்னியக் கடைக்கு வந்தவர் மாதிரி.

வெங்கிடேஷ் எடுத்து வைத்தார். “ஒரு காரியம் சொல்றேன், கேட்டுக்கோ. உன் மேல எனக்கு இன்னும் ஆத்திரம் தீரல. நாளைக்கும் தீராது. உன் மூஞ்சியைப் பாத்தா இன்னும் கொஞ்ச நாளைக்கு எனக்கு இப்படித்தான் இருக்கும்.”

மாகாளி எதிர்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். கூட்டம் அதற்குத்தான் காத்திருந்தது.

“சரி, சொல்லு,” என்றார். “இன்னும் என்னெல்லாம் இருக்கு, சொல்லு. கேக்கேன்.”

வெங்கிடேஷ் கையில் இருந்த நட்டுகளைக் கீழே வைத்துவிட்டுச் சொல்ல ஆரம்பித்தார். நிறைய இருந்தது. மாகாளி பெல்ட்டைக் கையில் முறுக்கிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, படியிலேயே நின்று கேட்டார்.